முகம் பொலிய என்ன வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

மார்கழிக் காற்றில் வறண்டுபோன காலில் நகத்தால் ஒரு கோடு கீறிப் பாருங்கள். சுண்ணாம்பால் இழுத்ததுபோல வெள்ளையாக விழும். அதன்மேல் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் கோடு காணாமல் போய்விடும். தோல் ஒரு சாயல் கருத்து, மினுமினுக்கும். வெளுத்திருந்தபோது மங்கலாக இருந்த தோல், கருத்ததும் பொலிகிறது. மேக்கப் வாங்கக் கிளம்புகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், கடையில் பாதிப் பணம் மிச்சம்.

காரணம் எளிதுதான். தோலின் மேலடுக்கு முழுக்க இறந்த செல்கள். ஈரம் குறைந்தால் அவற்றின் ஓரங்கள் செதில் செதிலாகத் தூக்கிக்கொள்ளும். அந்த மேடுபள்ளத்தில் விழும் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் தோல் சாம்பல் பூத்தாற்போலத் தெரிகிறது. எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ அந்த இடுக்குகளை நிரப்பினால் பரப்பு சமமாகிவிடும், ஒளியும் சிதறாமல் திரும்பும். ‘க்ளோ’, ‘ரேடியன்ஸ்’, ‘ட்யூவி’ என்று அட்டையில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நல்ல மேக்கப் செய்யும் வேலை மூன்றுதான்: பரப்பைச் சமமாக்கும், நிறத்தைச் சீராக்கும், ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும்.

தோலை வெளுக்க வைப்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் நம்மூர்க் கடைகளில் பொலிவு என்ற பெயரில் காலங்காலமாக விற்றது வெளுப்புதான். 1975-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று இந்தியச் சந்தைக்கு வந்த க்ரீம், 2020-ல்தான் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பொலிவு வேண்டும் என்று போகிறவர்களுக்குப் பெரிய ஆபத்து எதுவும் கிடையாது. வெளுப்பு வேண்டும் என்று போகிறவர்கள்தான் பாதரசத்திலும் ஸ்டீராய்டிலும் போய் மாட்டுகிறார்கள். அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம்.

ஷேடு பார்ப்பது

ஃபவுண்டேஷனில் தொடங்கலாம். முகத்தில் அதிகப் பரப்பை மூடுவது அதுதான், தப்பாகப் போனால் தெருமுனையிலிருந்தே தெரிவதும் அதுதான். எந்த பிராண்டின் எந்த ஷேடை எடுத்தாலும் உள்ளே நிறம் தருவது பெரும்பாலும் நாலே நிறமிகள். வெள்ளைக்கு டைட்டானியம் டைஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு மூன்று வகை இரும்பு ஆக்சைடு. மாநிறத்துக்கும் அதைவிடக் கருமையான தோலுக்கும் ஷேடு செய்ய வேண்டுமென்றால் வெள்ளையைக் குறைத்து, மஞ்சளையும் சிவப்பையும் கூட்ட வேண்டும். வெள்ளையை அப்படியே வைத்துக்கொண்டு கறுப்பை மட்டும் சேர்த்தால் கிடைப்பது சாம்பல் நிறம். தோலுக்குப் பொருந்தாத வெளிர் ஷேடைப் பூசினாலும் இதே சாம்பல்தான்.

கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் இது கண்ணில் படும். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி வைத்த கை மூன்றாவது நிறம். இதில் ப்யூட்டீஷியனை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘ரெண்டு ஷேடு தூக்கிப் போடும்மா’ என்று பக்கத்தில் நின்று சொல்வது அநேகமாக ஒரு அத்தையோ பெரியம்மாவோதான். தவிர, நீண்ட காலம் பெரிய பிராண்டுகளிலேயே நம் நிறத்துக்கு ஷேடு குறைவு. 2017-ல் பாடகி ரிஹானாவின் ‘ஃபென்டி ப்யூட்டி’ ஒரே ஃபவுண்டேஷனை 40 ஷேடுகளில் இறக்கியபோது அது உலகச் செய்தியானதற்குக் காரணம் அதுதான். அப்புறம் மற்ற கம்பெனிகளும் எண்ணிக்கையைக் கூட்டின. இன்று சென்னையிலோ கோவையிலோ கடைக்குப் போய் ‘இதைவிட டீப்பா ஷேடு இருக்கா?’ என்று தாராளமாகக் கேட்கலாம்.

அடுத்து அண்டர்டோன். ஒரே அளவு மாநிறமுள்ள மூன்று பேரை நிறுத்தினால், ஒருவருக்கு மஞ்சள் தட்டும், ஒருவருக்குச் செம்மை தட்டும், இன்னொருவருக்கு லேசாகப் பச்சை கலந்த ஆலிவ் சாயல் இருக்கும். ஷேடு எண்ணுக்குப் பக்கத்தில் போடும் டபிள்யூ, சி, என் ஆகிய எழுத்துகள் இதைத்தான் சொல்கின்றன: வார்ம், கூல், நியூட்ரல். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பாருங்கள் என்பது வீடியோக்களில் சொல்லும் சோதனை. கருமையான தோலில் நரம்பே சரியாகத் தெரியாது. தங்கம் பொருந்துகிறதா வெள்ளி பொருந்துகிறதா என்பது இன்னொன்று. நம்மூரில் அதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியாதா?

இவற்றைவிட நம்பகமானது தாடை சோதனை. உத்தேசமாகப் பொருந்தும் மூன்று ஷேடுகளை, கன்னத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து தாடையைத் தாண்டிக் கழுத்து வரை மூன்று கோடுகளாக இழுங்கள். புறங்கையில் பார்க்காதீர்கள், கை எப்போதும் வெயிலில் இருப்பது. கோடுகளைத் தேய்த்துவிட்டு, கடையை விட்டு வெளியே வந்து, நிழலான பகல் வெளிச்சத்தில் போன் கேமராவைத் திருப்பிப் பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்கே தெரியவில்லையோ அதுதான் உங்கள் ஷேடு. ஆனால் உடனே காசு கொடுத்துவிடாதீர்கள். ஒரு காபி குடித்துவிட்டு, இருபது நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்குள் ஃபவுண்டேஷனில் உள்ள நீரும் ஆவியாகும் சிலிகோனும் போய்விடும். தோலின் எண்ணெய் நிறமியில் ஊறி, ஷேடு கொஞ்சம் கருத்து ஆரஞ்சுப் பக்கம் சாயும். எண்ணெய் வழியும் முகத்தில் இது இன்னும் அதிகம். விற்கிறவர் அவசரப்படுத்தினால், கடையை மாற்றலாம்.

முகமே ஒரே நிறமாக இல்லையே என்பது பலருடைய கேள்வி. நெற்றி ஓரமும் வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் கருமை, கன்னம் கொஞ்சம் வெளிர். நம் தோலுக்கு இது இயல்பு. இதை மறைக்க முகம் முழுக்க ஃபவுண்டேஷனைத் தடிமனாக அப்புவதைவிட, கருமை உள்ள இடத்தில் மட்டும் ஆரஞ்சு அல்லது பீச் நிற கரெக்டரை மெல்லியதாகத் தட்டி, அதன்மேல் லேசாக ஃபவுண்டேஷன் போடுவது நல்லது. கண்ணுக்குக் கீழ் உள்ள கருமையில் ஒரு நீலச் சாயல் இருக்கும், ஆரஞ்சு அதை அடித்துவிடும். அங்கே நேராக வெளிர் கன்சீலரைப் போட்டால் மறுபடி சாம்பல்.

மினுக்கம் எங்கிருந்து வருகிறது

மேக்கப்புக்கு முன்னால் மாய்ஸ்சரைசர். எண்ணெய்ப் பசை முகத்துக்கும் வேண்டும், ஜெல் வகையாக இருந்தால் சரி. அதற்குமேல் சன்ஸ்கிரீன். ‘ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கே’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்ல அட்டையில் போடும் எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு என்றால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் முழு நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். ஃபவுண்டேஷனை அவ்வளவு பூசினால் கூத்துக்கு வேஷம் கட்டியதுபோல ஆகிவிடும். அதனால் சன்ஸ்கிரீன் தனியாகத்தான்.

முகத்தில் கருந்திட்டாகப் படரும் மங்கு உள்ளவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு விஷயம். மங்கைக் கருக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான். குறிப்பாக நம்மைப் போன்ற கருந்தோல்களில். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. ஃபவுண்டேஷனுக்கு நிறம் தரும் அதே இரும்பு ஆக்சைடு தடுக்கும். ஆகவே ‘டின்டட்’ என்று போட்ட, உங்கள் நிறத்துக்கு நெருக்கமான சன்ஸ்கிரீன் கிடைத்தால் அது மேக்கப்பாகவும் ஆச்சு, மங்குக்குக் காவலாகவும் ஆச்சு. அலுவலகத்துக்குத் தினமும் போகிறவர்களுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி.

ஹைலைட்டரில் மினுங்குவது பெரும்பாலும் மைக்கா, அதாவது அபிரகம். மெல்லிய தகடாக உரியும் கனிமம் இது, மேலே டைட்டானியம் டைஆக்சைடு பூச்சு இருக்கும். துகள் பொடியாக இருந்தால் பட்டுப் போன்ற மினுக்கம். பெரிதாக இருந்தால் ஜிகினா. கருமையான தோலில் மினுக்கம் எடுப்பாகத் தெரியும், பின்னணி இருளாக இருப்பதால் திரும்பும் ஒளி தூக்கலாகப் படுகிறது. ஆக, நமக்குக் கொஞ்சமே போதும். முத்து வெள்ளை, வெள்ளி நிறங்களைவிடப் பொன், செம்பு, வெண்கல நிறங்கள் பொருந்தும். இடம் கன்ன எலும்பின் மேல்பகுதி. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரப் புழுக்கத்தில் நெற்றியும் மூக்கும் பதினோரு மணிக்கே தானாக மின்ன ஆரம்பித்துவிடும், அங்கே ஹைலைட்டர் தண்டம்.

இந்த அபிரகத்துக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. இந்திய அபிரகத்தில் கணிசமான பகுதி ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி வட்டாரங்களிலிருந்தும் பக்கத்துப் பீகாரிலிருந்தும் வருகிறது. அங்கே கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் அபிரகம் பொறுக்குவது பலமுறை வெளிவந்த செய்தி. உறுத்துகிறவர்கள், பொருட்பட்டியலில் ‘சிந்தெட்டிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட்’ என்று இருப்பதைத் தேடலாம். அது ஆலையில் செய்த அபிரகம்.

பவுடரைச் சொல்லாமல் விட்டால் தமிழர் முகம் நிறைவடையாது. டால்கம் பவுடர் எண்ணெயை உறிஞ்சும், கூடவே ஒளியைச் சிதறடிக்கும். அப்பிக்கொண்டால் முகம் மங்கும், ஃபிளாஷ் அடித்த போட்டோவில் பேய் மாதிரி வெளுத்தும் தெரியும். டால்க் பூமியில் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆஸ்பெஸ்டாஸும் கிடைப்பதுண்டு, கலந்து வந்துவிடக்கூடாதே என்பது பழைய கவலை. 2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டால்க்கையே ‘புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது’ என்ற பிரிவில் சேர்த்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023-ல் உலகமெங்கும் தன் குழந்தைப் பவுடரில் டால்க்கை நிறுத்திவிட்டுச் சோளமாவுக்கு மாறியது. பெரியவர்கள் நெற்றியில் லேசாக ஒற்றிக்கொள்வதற்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன். கைக்குழந்தையின் முகத்துக்கு நேரே பஃபைத் தட்டி, அறை முழுக்கப் புகை கிளப்பும் வழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது.

பெட்டியைத் திருப்புங்கள்

இந்தியாவில் அழகுப் பொருட்களைக் கட்டுப்படுத்துவது 1940-ன் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் வந்த 2020-ன் விதிகளும். அவற்றின்படி அட்டையில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, பொருட்பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரியோடு பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். சின்னச் சின்ன பேக்குகளுக்குப் பொருட்பட்டியல் போன்ற சிலவற்றில் சலுகை உண்டு. துபாயிலிருந்து வந்தது, பாங்காக்கிலிருந்து வந்தது என்று சொல்லி விற்கும் டப்பாவில் இறக்குமதியாளர் பெயரே இல்லையென்றால், அது யார் கையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

பொருட்பட்டியல் பார்க்க மலைப்பாக இருக்கும், படிக்கிற முறை சுலபம். எது அதிகமோ அது முதலில். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். ‘குங்குமப்பூ கலந்தது’ என்று முன்னால் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்னால் அது வாசனைப் பொருளுக்கும் கீழே கிடந்தால் எவ்வளவு குங்குமப்பூ என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அப்புறம், மூடி திறந்த டப்பா போல ஒரு குட்டிப் படமும் அதில் ‘6 எம்’, ‘12 எம்’ என்றும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள். மஸ்காரா, திரவ ஐலைனர் போன்றவை மூன்று முதல் ஆறு மாதம்தான். அதற்குமேல் அது கண்ணுக்குப் போகும் கிருமிக் குப்பி.

முன்பக்கத்து வார்த்தைகளில் பலவற்றுக்குக் கனமே இல்லை. ‘கெமிக்கல் ஃப்ரீ’ என்பது பொய், தண்ணீரும் கெமிக்கல்தான். ‘டெர்மடாலஜிஸ்ட் டெஸ்டட்’ என்றால் யாரோ ஒரு டாக்டர் எப்போதோ பார்த்தார் என்பதற்குமேல் அதில் உத்தரவாதம் ஏதுமில்லை. ‘பாராபென் ஃப்ரீ’ என்று பயமுறுத்தி விற்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பாராபென் ஒரு பதப்படுத்தி. தண்ணீர் கலந்த எந்த க்ரீமுக்கும் ஏதாவதொரு பதப்படுத்தி வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மெத்தில் பாராபென்னைக் கடுமையான ஐரோப்பிய ஒன்றிய விதிகளே 0.4 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. அதற்குப் பதிலாக வந்த மெத்தில்ஐசோதயசோலினோன்தான் பல பேருக்கு அலர்ஜி கிளப்பி, பூசிவிட்டு அப்படியே விடும் பொருட்களில் ஐரோப்பாவில் தடையானது. உங்களுக்கு அடிக்கடி அரிக்கிறதென்றால் பாராபென்னைத் தேடுவதற்கு முன் வாசனைப் பொருளைத் தேடுங்கள். ‘ஃப்ராக்ரன்ஸ்’ அல்லது ‘பர்ஃபம்’ என்று ஒரே வார்த்தைக்குள் டஜன் கணக்கில் பொருட்கள் ஒளிந்திருக்கும்.

பாதரசம்

இப்போது வெளுப்பு க்ரீம் கதை. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் செய்ய டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரசம் அந்த நொதியை முடக்கிவிடும், ஆகவே உண்மையிலேயே தோல் வெளுக்கும், அதுவும் சீக்கிரமாக. ஆபத்தே அங்கேதான். பூசியவர்கள் பலன் கண்ணுக்குத் தெரிவதால் விடமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்வார்கள். பாதரசமோ தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும்.

பக்கத்துக் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு, 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் இது. கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். அவர்களில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற அரிதான வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருவதற்கு முன் வெளுப்பு க்ரீம் பூசியதாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு க்ரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது. அந்த ஆண்டே கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று பெயரிட்டுக் கடைகளில் சோதனைக்கு இறங்கியது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கண்ணுக்கான பொருட்களில், வேண்டுமென்று சேர்க்காமல் கலந்துவிடும் பாதரசம் 70 பி.பி.எம். வரை, மற்ற எல்லாவற்றிலும் 1 பி.பி.எம். வரைதான் இருக்கலாம். பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களையே 2025-க்குள் ஒழிப்பது என்று 2023-ல் அதன் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. ஆனாலும் ஆன்லைனிலும், ஊர்ப்பக்க ஃபேன்சி ஸ்டோரிலும், சில பார்லர்களிலும் பெயர் தெரியாத டப்பாக்கள் புழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

அட்டையில் ‘பாதரசம்’ என்று எழுதி யாரும் விற்க மாட்டார்கள். எழுதினால் ‘கலோமெல்’, ‘மெர்குரஸ் குளோரைடு’, ‘அம்மோனியேட்டட் மெர்குரி’ என்ற பெயர்களில் இருக்கும். இன்னொரு துப்பு சுவாரஸ்யமானது: ‘தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று க்ரீம் டப்பாவில் எச்சரிக்கை இருந்தால் சந்தேகப்படுங்கள். பாதரசம் நகையோடு சேர்ந்து அதைக் கெடுத்துவிடும் என்பதால் போடுவது அது. வளையலுக்கு ஆகாத க்ரீம் கன்னத்துக்கு எப்படி ஆகும்? ஒரே வாரத்தில் வெள்ளை என்பதும், டப்பாவில் பொருட்பட்டியலே இல்லாததும் மற்ற அறிகுறிகள். பூசியவரோடு இது நிற்பதில்லை. துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, ஆவியாகி, மடியில் தூங்கும் குழந்தைக்கும் போகும்.

ஸ்டீராய்டு

இது மெடிக்கல் ஷாப் வழியாக வரும் ஆபத்து. பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன் என்று போட்டிருக்கும் ட்யூப்கள் எல்லாம் மருந்து, மேக்கப் அல்ல. எக்ஸிமா போன்ற தோல் நோய்களுக்கு டாக்டர் சொல்லிக் குறிப்பிட்ட நாள் பூச வேண்டியவை. தினமும் முகத்தில் பூசினால் முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரிய ஆரம்பிக்கும். பரு வரும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். இதற்கென்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் ஒரு நோய்ப்பெயர் வைக்கும் அளவுக்கு இது பரவியது. 2018-ல் மத்திய அரசு இத்தகைய பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ட்யூபில் சிவப்புக் கோடும் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறியும் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மங்கு போனது என்று நீங்களும் அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருகிறவர்கள் தானாகச் சட்டென நிறுத்தாமல், தோல் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாக விடுவது நல்லது.

பொட்டும் மையும்

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் சிலருக்கு அரிப்பு வரும், கருக்கும். சிலருக்கு அரிப்பே இல்லாமல், பொட்டின் வட்டத்துக்கு ஏற்ப வெண்புள்ளி விழும். பொட்டின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் நிறச் செல்களைக் கொல்வதால் வருவது அது. ஆரம்பத்திலேயே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. இரவில் பொட்டை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுக் காலையில் அதையே எடுத்து வைக்கும் பழக்கம் யாருக்கு இல்லை? கண்ணாடியில் ஒட்டுவது சரிதான், இரவு முழுக்க நெற்றியில் விடுவதைவிட நல்லது. ஆனால் அந்த இடம் வெளிறினால் உடனே கவனியுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் செய்த குங்குமம் வேறு, கடையில் பளீரென்று விற்கும் சாயம் போட்ட பொடி வேறு.

கண்மையில் கவலை ஈயம். சுர்மா என்ற பெயரில் வரும் தூளில் சில கலீனா என்ற ஈயத் தாதுவை அரைத்துச் செய்தவை. இந்திய விதி ஈயச் சேர்மங்களை நிறமியாகப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. நிறமிகளில் தவறிக் கலப்பதும் 20 பி.பி.எம். தாண்டக்கூடாது. உரிம எண் உள்ள பென்சில் மை பெரியவர்களுக்குப் போதும். கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும், விளக்கெண்ணெய்த் திரியில் பிடித்த வீட்டு மையும்கூட வேண்டாம். திருஷ்டிப் பொட்டை கன்னத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திருஷ்டிக்கு அது போதாதா என்ன?

‘இதெல்லாம் எதுக்கு, இயற்கையா எலுமிச்சை தேய்’ என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எலுமிச்சைச் சாற்றில் ஒளியோடு வினைபுரியும் பொருட்கள் உண்டு. தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கொப்புளித்து, மாதக்கணக்கில் கருப்பாக நிற்கும். சமையல் சோடாவும் வேண்டாம். தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, சோடா காரம்.

முகத்தில் போடும் முன்

புதுப்பொருள் எதையும் நேராக முகத்தில் போடாதீர்கள். முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அலர்ஜி முதல் பூச்சிலேயே வர வேண்டும் என்றில்லை, இரண்டு மூன்று நாள் கழித்து எழும்புவதுதான் அதிகம். கல்யாணம் இருந்தால் இந்தச் சோதனையை ஒரு மாதம் முன்பே முடியுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புது ஃபேஷியல் செய்துகொள்வதைப் போன்ற சூதாட்டம் வேறில்லை.

பார்லரில் கேட்கக் கூச்சப்படக்கூடாத கேள்விகள்: லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் போடுகிறீர்களா, ஸ்பேட்டுலாவில் எடுத்து பிரஷ்ஷால் போடுகிறீர்களா? மஸ்காரா பிரஷ் ஒவ்வொருவருக்கும் புதுசா? உதட்டுக் கொப்புளமும் கண் தொற்றும் இப்படித்தான் கைமாறும். வீட்டு ஸ்பாஞ்சின் நிலையும் சொல்லும்படி இல்லை. இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் 2019-ல் மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த மேக்கப் பொருட்களைச் சேகரித்துச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் பாக்டீரியா. ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வையுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் கழுவியதே வீண்.

ஒருவேளை முகம் தடித்து, அரித்து, எரிந்தால் எல்லாப் பூச்சையும் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுங்கள். மேலே இன்னொரு க்ரீமைப் பூசி அடக்கப் பார்க்காதீர்கள். உதடோ கண்ணோ வீங்கினால், மூச்சு இரைத்தால் உடனே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் போகும்போது டப்பாவையும் அட்டைப் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள், எதில் அலர்ஜி என்று கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம். மாதக்கணக்கில் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள் அதைச் சொல்லாமல் மறைக்காமல், சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது, சாதாரண லேப்பிலேயே பார்ப்பார்கள். புகார் கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் வட்டாரத்து மருந்து ஆய்வாளரிடம் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான மாநிலத் துறையின் தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. பில்லும், பேட்ச் எண் உள்ள பெட்டியும் இருந்தால் அதே பேட்ச் சரக்கை அவர்களால் தேட முடியும். பாதரசம் இருக்கலாம் என்று தோன்றும் டப்பாவைக் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள். இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து ஆய்வாளரிடம் ஒப்படையுங்கள்.